வளைக்கரடி வாங்கித் தந்த கோப்பை

அன்புள்ள அப்பாவுக்கு, முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

கார்ன்வால் வந்த நாலே மாதத்தில் கோப்பை வாங்கிவிட்டேன்! ஊர்ச் சந்தையில் மிருகப் படங்களுக்குக் கார்னிஷ் மொழியில் பெயர் சொல்லும் போட்டி. பண்ணையில் என்னோடு வேலை பார்க்கும் ஜாகோவும் போட்டியில் இருந்தான்; "வேல்ஸ்காரிக்கு இங்க என்ன வேலை?" என்றான். ஆடு, மாடெல்லாம் நம் வெல்ஷ் சொற்களின் உடன்பிறப்புகள், சமாளித்தேன். கடைசியில், கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட முகத்தோடு வளைக்கரடி. ஜாகோ விழித்தான். நம் ஊரே அதை 'மண்பன்றி' என்னும். நீங்கள் மட்டும் பழைய வெல்ஷில் 'ப்ரோக்' என்பீர்கள், நான் சிரிப்பேன். அதையே சொன்னேன்.

"அது இங்கிலீஷு, செல்லாது!" என்று குதித்தான் ஜாகோ.

"போடா! இது நம்ம கார்னிஷ் சொல்லுதான், இங்கிலீஷ்காரனுங்கதான் நம்மகிட்டேருந்து எடுத்துக்கிட்டானுங்க," என்றார் நடுவர்.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். உங்கள் பழைய சொற்களையும் எழுதி அனுப்புங்கள். இங்கே வெல்ஷில் பேச ஆளில்லை. பால் லாரி ஹாரன் அடிக்கிறது. இனிச் சிரிக்க மாட்டேன், அப்பா.

வேல்ஸ்காரி நெரிஸ்