யாரும் பார்க்காத குறிப்புக் கட்டம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இடது முட்டி மட்டும் மாடிப்படியைக் கண்டால் கோபித்துக்கொள்கிறது, மற்றபடி குறையில்லை. நீ சுகமா என்று வழக்கமாகக் கேட்பேன், இந்தத் தடவை கேட்க வாய் வரவில்லை, உன் நிம்மதியைக் கெடுத்தவளே நான்தானே. உன் நீளமான மன்னிப்பு மின்னஞ்சலை மூன்று தடவை படித்துவிட்டேன். போனில் ஒன்றும் ஆகவில்லையடி, நல்லதுதான் நடந்தது என்று சொன்னால், சும்மா சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்கிறாய். வாயைத் திறந்தால் ஸாரிம்மா ஸாரிம்மா என்று என் பேச்சையே முழுங்கிவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் கல்லூரி விட்டு வந்த கையோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தேநீரை அப்பாவே போட்டுக்கொண்டிருக்கிறார், அடுப்படியில் ஏதோ உருளுகிற சத்தம் கேட்கிறது, நான் எழுந்து போவதாக இல்லை.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் என் மனசு ஆறும். நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்தி, பிள்ளைகளை வார்டுக்குக் கூட்டிப்போய், அதற்கு நடுவில் ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு முனைவர் பட்டம் எதற்கு என்று ஊரே கேட்டது. மருந்து ஏற்றக் கையில் குழாய் செருகிய இடம் ஏன் சிலருக்கு மட்டும் வீங்குகிறது என்று ஆறு வருஷமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். படித்த கட்டுரைகள் எல்லாம் பிளாஸ்டிக் உறைகளில் கட்டிலுக்கு அடியில் கிடந்தன, ஒரே கட்டுரையை மூன்று தடவை அச்செடுத்து மூன்று தடவையும் புதிதாகப் படிப்பது போலக் கோடு போட்டு வைத்திருந்தேன். நீதான் பதினோரு ஞாயிற்றுக்கிழமை காலைகள் உன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, உன் ஊரிலிருந்தே இணையம் வழியாக என் திரையைப் பிடித்து அந்த மேற்கோள் மென்பொருளைச் சொல்லிக் கொடுத்தாய். மூலையில் இருக்கிற பொத்தானைத் தட்டினால் கட்டுரை, எழுதியவர் பெயர், வருஷம், பக்கம் எல்லாம் தானாக வந்து அடுக்கில் உட்கார்ந்ததைப் பார்த்து நான் கைதட்டியதும், நீ சிரித்ததும் நினைவிருக்கிறதா? என் தலைப்பில் புதிதாக ஏதாவது வந்தால் மின்னஞ்சல் வருகிற மாதிரி செய்தாய். யார் யாரை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று வலைப்படம் போட்டுக் காட்டுகிற தளத்தைத் திறந்து கொடுத்தாய், அதைப் பார்த்து, இது நம் வீட்டுக் கல்யாணப் பந்தி மாதிரி இருக்கிறதே, தெரிந்தவனுக்கு மட்டும் இலை போடுகிறார்கள் என்று சொன்னேன். நான் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஒரு கட்டுரையின் மேல் சிவப்புப் பட்டை வந்தது, அது தவறென்று எப்போதோ திரும்பப் பெற்றுவிட்டார்களாம். அது தெரியாமல் போயிருந்தால் என் கதி என்ன?

எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் குறிப்புக் கட்டம். ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்கத்தில் ஒரு காலிக் கட்டம் இருந்தது, இதில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "என்ன வேணா எழுதும்மா, அதை யாரும் பாக்க மாட்டாங்க" என்றாய். போதுமே எனக்கு. வாய் சும்மா இருக்குமா? எல்லாரையும் குறை சொல்லிவிட்டுத் தன் வீட்டு விஷயத்தை மட்டும் மூடி வைக்கிற கட்டுரைக்கு மாமியார் என்று எழுதினேன். ஒருத்தரை ஒருத்தர் மாற்றி மாற்றிப் புகழ்கிற இரண்டு கட்டுரைகளுக்குச் சம்பந்திகள் என்று பெயர் வைத்தேன். ஒன்றில், இந்த மனுஷன் வாழ்நாளில் ஒரு நோயாளியின் கையைத் தொட்டிருக்க மாட்டான் என்று எழுதினேன். இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள், இருநூற்றுப் பன்னிரண்டு வம்பு.

கடைசி நாள் எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். முந்தைய ஆய்வுகளைப் பற்றிய அத்தியாயம் அன்று மாலை ஐந்து மணிக்குள் போகாவிட்டால் என் பதிவே ரத்து, ஆறு வருஷமும் தண்ணீரில் போகும், இனி அவகாசமே கிடையாது என்று எழுத்தில் கொடுத்திருந்தார்கள். நான் பதறினேன், நீயும் பதறினாய். துறை கேட்ட பாணியில் மேற்கோள் பட்டியல் எடுக்க வேண்டும், ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு பாணிகள் இருந்தன, நீ கீழே இருந்ததைத் தட்டிவிட்டாய், அது குறிப்புகளையும் சேர்த்து அச்சிடுகிற பாணி. பதினாலு பக்கம் வர வேண்டிய பட்டியல் முப்பத்தொரு பக்கம் வந்தது. அப்போதாவது ஏன் என்று பார்த்தேனா? அடேயப்பா, இவ்வளவு படித்திருக்கிறேனா என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டு, திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். சொல், இதில் தவறு உன் விரலுக்கா, என் தலைக்கனத்துக்கா?

மறுநாள் மத்தியானம் என் வழிகாட்டி அம்மாள் போன் செய்தார், நாம் வீட்டில் சிவப்புப் பேனா என்று சொல்வோமே, அவரேதான். நாளைக்குப் பத்து மணிக்கு வாருங்கள், பட்டியலைப் பற்றிப் பேச வேண்டும் என்று இரண்டு வரி பேசி வைத்துவிட்டார். அப்புறம்தான் கோப்பைத் திறந்தேன். அந்தப் பட்டியலில் அவருடைய பழைய கட்டுரையும் ஒன்று என்பது உனக்குத் தெரியாது. அதற்குக் கீழே நான் எழுதியிருந்தது இது: நாற்பத்தெட்டு நோயாளிகளில் ஆரம்பித்து நாற்பத்தொன்றில் முடிகிறது, மீதி ஏழு பேர் எங்கே, டீ குடிக்கப் போனார்களா, கேட்டால் சிவப்புப் பேனா என்னைக் கடித்துத் துப்பிவிடுவாள். உடனே உனக்குப் போன் செய்து அந்த வார்த்தையைச் சொன்னேன். "உன்ன நம்பினேன் பாரு, என்னச் சொல்லணும்" என்று. பதினோரு ஞாயிறு எனக்காக உட்கார்ந்தவளிடம் சொல்கிற வார்த்தையா அது? நீ மூச்சை இழுத்துக்கொண்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுநாள் போனேன். மேசை மேல் முப்பத்தொரு பக்கமும் அச்செடுத்து வைத்திருந்தார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார், மாமியாரைப் படித்தார், சம்பந்திகளைப் படித்தார், முகத்தில் ஒரு சலனம் கிடையாது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. தன் கட்டுரைக்கு வந்ததும் நிறுத்தி, எழுந்து, இரும்பு அலமாரியைத் திறந்து ஒரு பழைய கோப்பை எடுத்துப் புரட்டிக்கொண்டே இருந்தார். அந்த ஏழு பேரும் சிகிச்சை முடியும் முன்பே வீட்டுக்குப் போனவர்களாம், அதை எழுத விட்டுப்போயிருக்கிறது. பத்தொன்பது வருஷமாக எத்தனையோ பேர் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், ஒருத்தர்கூட அந்த ஏழு பேரைக் கேட்கவில்லை என்றார். அப்புறம் என் அத்தியாயத்தை ஒரு கையிலும் பட்டியலை இன்னொரு கையிலும் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: "அத்தியாயத்துல எல்லாரும் இருக்காங்க, நீங்க மட்டும் இல்ல. நீங்க இருக்கறது இந்தப் பட்டியல்லதான்."

உண்மைதானே. அத்தியாயம் முழுக்க இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார் என்று அடுக்கியிருந்தேன், நான் என்ன சொல்கிறேன் என்று ஒரு வரி கிடையாது. வம்பை எடுத்துவிட்டு விஷயத்தை வைத்து எழுதுங்கள் என்று பன்னிரண்டு நாள் கொடுத்தார், கெடுவுக்குள் வந்து சேர்ந்துவிட்டதால் பதிவுக்கு ஆபத்தில்லை என்றார். நான் வாசல் வரை வந்த பிறகு, சிவப்புப் பேனாவை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று சொன்னார், சிரித்தாரா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்று உனக்கு எல்லாம் முடிஞ்சுது என்று ஒரு செய்தி தட்டினேன். நல்லபடியாக முடிந்தது என்று நான் சொன்னால், கதை முடிந்தது என்று நீ படித்திருக்கிறாய். இரண்டு வார்த்தை கூடச் சேர்த்து எழுதினால் என் விரல் தேய்ந்தா போயிருக்கும்? அவர் சொன்னபடியே மாற்றி எழுதிக் கொடுத்தேன், இன்றைக்குக் காலை கடிதம் வந்தது, அத்தியாயத்தை ஏற்றுக்கொண்டார்கள், ஒரு திருத்தமும் இல்லாமல்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. முப்பது வருஷம் வார்டில் சார்ட் எழுதியிருக்கிறேன், நாடி எவ்வளவு, எத்தனை மணிக்கு எந்த மருந்து, டாக்டர் என்ன சொன்னார். எனக்கு என்ன தோன்றியது என்று எழுத அந்தத் தாளில் இடமே கிடையாது. நீ என்ன நினைக்கிறாய் என்று என்னைக் கேட்ட முதல் கட்டம் உன் மென்பொருளில்தான் இருந்தது, எழுதும்மா என்று சொன்னவள் நீ. உனக்கு நான் எப்படி நன்றி சொல்வேன், பெற்றவள் பிள்ளைக்கு நன்றி சொல்லக்கூடாது என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும், நன்றியடி கண்ணே. அன்று சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, திரையைப் பார்த்துக்கொண்டே தூங்கிப் போகாதே. உடம்பும் மனசும் நிறைந்து நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையேதான் சொல்கிறார், கையில் தேநீரோடு பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறார். ஒன்றை மறந்துவிடாதே. அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி முழு ஆய்வேட்டுக்கும் பட்டியல் எடுக்க வேண்டும். கல்லூரியிலேயே எடுத்துத் தருகிறோம் என்றார்கள், வேண்டாம், என் மகள் எடுப்பாள் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குக் காலை என் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், நீ வா.

உன்னை நம்புகிற
அம்மா