மோனா போட்ட முதல் கிரெப்

கோன்கார்னோ
3 செப்டம்பர் 1997

அன்பு ரோஸெனுக்கு,

நானும் உன் அண்ணன் லொயிக்கும் இங்கே சுகம். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. முப்பது வருடம் படகின் இயந்திர அறையில் இருந்ததில் இடது காது போய்விட்டது. கேட்டதுபோல் "ஆமாம், ஆமாம்" என்றேன். எதற்கெல்லாம் ஆமாம் போட்டேனோ தெரியவில்லை. கடுதாசியே எனக்குச் சௌகரியம்.

இந்த வாரம் அயிலை நிறைய வந்தது. லொயிக் வேலை செய்யும் படகுக்குப் புது வலை வாங்கியிருக்கிறார்கள். அவன் இன்னமும் சட்டைப் பித்தானை மாற்றித்தான் போடுகிறான். இந்த மீன் சமாசாரமெல்லாம், விஷயத்துக்கு வரத் தைரியம் போதாமல் எழுதுவது.

கோவில் சந்தில் கல்லில் மெல்லிசாக மாவு ஊற்றிக் கிரெப் சுட்டு விற்கும் கடைக்கார மோனாவை உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது உனக்குச் சர்க்கரை தூவி ஓரத்துண்டு கொடுப்பாளே, அவள்தான். அவள் கணவர் போய்ப் பன்னிரண்டு வருடம். உன் அம்மா போய் மூன்று. நாங்கள் இரண்டு பேரும் இனி ஒரே வீட்டில் இருக்கலாம் என்று நினைக்கிறோம். பெரிய விசேஷம் ஒன்றுமில்லை. நகர மன்றத்தில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

லொயிக்கிடம் இன்னும் சொல்லவில்லை. அக்டோபர் பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, நீ ஊருக்கு வந்ததும் நாம் மூவரும் மோனா கடைக்குச் சாப்பிடப் போவோம். அங்கே, அவள் முன்னாலேயே சொல்லலாம் என்று இருக்கிறேன். உனக்கு முன்கூட்டியே எழுதக் காரணம் உண்டு. நம் வீட்டில் பட்டம் வாங்கியவள் நீ ஒருத்திதான். நீ சரி என்றால் எனக்குச் சரி. பிடிக்கவில்லை என்றால் ஒரு வரி எழுதிவிடு. விட்டுவிடுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முத்தங்களுடன்,
அப்பா

*

லியோன்
9 செப்டம்பர் 1997

என் அன்பான அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. எனக்கு மனப்பூர்வமான சந்தோஷம். என்னிடம் போய் நீங்கள் அனுமதி கேட்பதா? அதில் மட்டும் எனக்கு வருத்தம். மோனா நல்லவர். நீங்கள் தனியாக இருப்பதை நினைத்து நான் பல நாள் கவலைப்பட்டிருக்கிறேன். அம்மாவும் இதைத்தான் விரும்பியிருப்பார்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. பல்கலைக்கழக நூலகத்தில் பேசாமல் இருப்பதுதான் என் வேலை. என்னைப் போன்ற கூச்சக்காரிக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. நம் ஊர் உப்பு வெண்ணெய்தான் கிடைப்பதில்லை. கேட்டால் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

வெள்ளிக்கிழமைக்கு லீவு எடுத்துவிட்டேன். மூன்று ரயில் மாற வேண்டும். மாலைக்குள் வந்துவிடுவேன். லொயிக்கை ஒழுங்காகச் சட்டை போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
ரோஸென்

*

கோன்கார்னோ
14 அக்டோபர் 1997

அன்பு ரோஸெனுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக லொயிக் சொன்னான். ஸ்டேஷனில் கேட்க நினைத்தேன். மழை பெய்தது. நீயும் ரயிலேறி மறுபக்க ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாய். அதனால் இப்போது கேட்கிறேன்.

அன்று மோனா முதல் கிரெப்பை உனக்குத்தான் போட்டாள். கருங்கோதுமை மாவு, முட்டை, பன்றித்தொடை ஹாம். சின்ன வயதில் நீ கேட்பதுபோல் ஓரம் மொறுமொறுவென்று. அவளே கொண்டுவந்து வைத்தாள். நீ இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அங்கே இருப்பது ஒரு கல், ஒரு ஆள். மூன்று தட்டும் சேர்ந்து வராது என்பது உனக்குத் தெரியாததா? நம் பக்கத்தில் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. வந்ததும் சாப்பிடுவோம். ஆறவிட்டால், கல் முன்னால் நிற்பவளுக்கு அது முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்கிற பதில்.

"சாப்பிடேன்டி, ஆறுது" என்றான் லொயிக்.

"பரவால்ல, எல்லாருக்கும் வரட்டும்" என்றாய் நீ.

"புரொபசருக்குப் பாதிரியார் வந்து ஜெபம் சொன்னாத்தான் கை நகரும்போல!"

மீன் ஏலக்கூடத்து ஆட்கள் பக்கத்து மேசையில் சிரித்தார்கள். மோனா சிரிக்கவில்லை. பிறகு அவன் தட்டு வந்தது, என் தட்டும் வந்தது. அப்போதும் நீ முள்கரண்டியைத் தொடவில்லை. மோனா வந்து குனிந்து பார்த்தாள்.

"வெண்ணெ உறைஞ்சுபோச்சு, கண்ணு. குடு, வேற போட்டுத் தரேன்."

நீ தட்டை இரண்டு விரலால் அவள் பக்கம் தள்ளினாய். "வேணாங்க, பசியில்ல" என்றாய். காலையிலிருந்து மூன்று ரயில் மாறி வந்த பெண்!

உன்னுடையதையும் சேர்த்து லொயிக் தின்றான். நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. ரயில் நேரத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உடம்பு சரியில்லையா அம்மா? அப்படியென்றால் எழுது. மோனாவிடம் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு அது போதும்.

அப்பா

*

லியோன்
20 அக்டோபர் 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நடந்ததற்கு வெட்கப்படுகிறேன். காரணத்தைச் சொல்கிறேன், மோனாவிடம் சொல்லுங்கள்.

நான் இங்கே வந்த புதிதில் எங்கள் தலைமை நூலகர் வீட்டில் ஒரு மதிய விருந்து. பன்னிரண்டு பேர் மேசையில். சூப் முதலில் எனக்கு வந்தது. நம் வீட்டுப் பழக்கம், உடனே குடிக்க ஆரம்பித்துவிட்டேன். நான்காவது கரண்டியில்தான் கவனித்தேன். வேறு யாரும் கரண்டியை எடுக்கவே இல்லை. அந்த வீட்டுக் குழந்தை சத்தமாக, "அம்மா, அந்த அக்கா மட்டும் சாப்பிடுறாங்க!" என்றது. எல்லோரும் எனக்காக நல்லவிதமாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து தட்டு வந்தால் என் கைகள் தாமாகவே மடிக்குப் போய்விடுகின்றன.

மோனா கடையிலும் அப்படித்தான் ஆயிற்று. பிறகு ஆறிப்போனதைப் பார்த்ததும் கூச்சம் வந்துவிட்டது. இன்னொன்று போட்டுத் தரச் சொல்லி அவருக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம் என்று பசியில்லை என்றேன். வேறெதுவும் இல்லை. என்னை மன்னிக்கச் சொல்லுங்கள்.

லொயிக்கிடம் சீக்கிரம் சொல்லிவிடுங்கள்.

உங்கள்
ரோஸென்

*

கோன்கார்னோ
2 நவம்பர் 1997

அன்பு ரோஸெனுக்கு,

நேற்று கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வந்தோம். உன் அம்மாவுக்குச் செவ்வந்தித் தொட்டி இரண்டு வைத்தோம், உன் பெயரில் ஒன்று.

உன் கடிதத்தை மோனாவிடம் வாசித்துக் காட்டினேன். கடை மூடும் நேரம். கல்லைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நல்லா எழுதுது பொண்ணு. அந்தக் கொழந்த சொன்னதக் கேட்டு எனக்கே பாவமா இருந்துச்சு."

"அப்ப சரிதானே?" என்றேன்.

"எங்க சரி? எல்லார் தட்டும் வந்தப்புறமும் அவ தொடலயே, எர்வே. நாப்பது வருஷமா இந்தக் கல்லு முன்னால நிக்கிறேன். கூச்சத்துல ஒதுக்குற தட்டு எது, வேணாம்னு தள்ளுற தட்டு எதுன்னு எனக்குத் தெரியாதா?"

நம் வீட்டுக்கு வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். இம்மாதக் கடைசியில் கடை இடத்தைக் கைமாற்றிவிட்டுப் பிரெஸ்டில் தங்கை வீட்டோடு போகிறாள். நான் ஏதோ சொன்னேன். அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

குளிர் ஆரம்பித்துவிட்டது. கம்பளிச் சட்டை இருக்கிறதா உன்னிடம்?

அப்பா

*

லியோன்
7 நவம்பர் 1997

அப்பா,

மோனா சொன்னது சரி.

சூப் விஷயம் பொய்யல்ல. ஆனால் அன்று நான் காத்திருந்தது அதனாலல்ல. நாம் உள்ளே நுழைந்து உட்கார்ந்ததும் மோனா ஆப்பிள் சைடர் ஊற்றிய கிண்ணங்களை வைத்தார். உங்களிடம் ஏதோ கேட்க வந்தவர், மேசையைச் சுற்றிப்போய் உங்கள் வலது காதுப் பக்கம் நின்று குனிந்து பேசினார். யோசிக்காமல் செய்தார். எத்தனையோ தடவை செய்து பழகியவர்போல. நீங்களும் தலையைத் திருப்பாமல் பதில் சொன்னீர்கள். அப்படி உங்களிடம் பேசி நான் பார்த்தது அம்மா ஒருவரைத்தான். லொயிக்கும் நானும் இன்றுவரை எந்தக் காது என்று மறந்துபோய் உங்களிடம் கத்துகிறோம்.

கடிதத்தில் சந்தோஷம் என்று எழுதியது எளிதாக இருந்தது. அப்போது உங்கள் இருவரையும் அப்படி ஒன்றாக நான் கண்ணால் பார்த்திருக்கவில்லை. அம்மா விரும்பியிருப்பார் என்றுகூட எழுதினேன். அதை எழுத எனக்கு என்ன உரிமை?

பிறகு தட்டு வந்தது. மணம் வந்தது. எனக்கு நல்ல பசி. சாப்பிட்டால் சம்மதம் என்று தெரியும். நான் வெண்ணெய் வெள்ளையாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். லொயிக் கேலி செய்தபோது எனக்கு வசதியாகப் போயிற்று. எல்லோரும் என்னைப் படிப்பால் கெட்டுப்போனவள் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். பிறகு உங்களுக்கு ஒரு பொய்க் காரணத்தை அழகாக எழுதி அனுப்பினேன். படித்தவள் அல்லவா.

அப்பா, இந்தக் கடிதத்தை மோனாவிடம் கொடுங்கள். வாசித்துக் காட்ட வேண்டாம், கையில் கொடுங்கள். நான் வருகிறேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அன்றே கிளம்பி வந்து, கடைவாசலில் நின்று மன்னிப்புக் கேட்கிறேன். அவரைப் போகவிடாதீர்கள்.

ரோஸென்

*

கோன்கார்னோ
23 நவம்பர் 1997

அன்பு ரோஸெனுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நீ சொன்னபடி கடிதத்தை மோனா கையில் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். மடித்து என்னிடமே தந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதில் நான் உன்னிடம் மறைத்தது ஒன்று இருக்கிறது.

"பொண்ணு மேல எனக்கு வருத்தமே இல்ல, எர்வே. அம்மாவப் பறிகுடுத்தவ தட்டத் தள்ளத்தான் செய்வா. நாளைக்கு மறுபடி வந்திருப்பா, மறுபடி போட்டுக் குடுத்திருப்பேன். எத்தன தடவ வேணும்னாலும். நான் அன்னிக்குப் பாத்துக்கிட்டு இருந்தது அவள இல்ல, உன்ன. இப்ப சொல்லுவான், இப்ப சொல்லுவான்னு கரண்டியப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். நீ ரயில் எத்தன மணிக்குன்னு கேட்டுக்கிட்டு இருந்த. பெத்த பொண்ணு மொகத்தப் பாத்துப் பயப்படுற ஆளோட ஒரே வீட்ல நான் எப்படி இருக்குறது?"

இதை அவள் முதல் தடவையே சொன்னாள். போன கடிதத்தில் நான் அதை எழுதவில்லை. பழி உன்மேலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்கு நீதான் என்னை மன்னிக்க வேண்டும்.

மாதக் கடைசிவரை நிற்காமல் வியாழக்கிழமையே போய்விட்டாள். லொயிக்தான் வண்டியில் கல்லை ஏற்றிக்கொடுத்தான். "நல்ல கடைப்பா, அநியாயமா போகுது. இனி வெள்ளிக்கிழமைக்கு எங்க போறது?" என்றான். அவனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

மோனா சொன்ன பயத்தைப் பற்றி இந்த நாட்களில் யோசித்துப் பார்த்தேன். ரென் நகரத்தில் உனக்குப் பட்டம் கொடுத்த அன்று, உன் சிநேகிதியின் குடும்பத்தோடு நம்மைப் பெரிய உணவகத்துக்கு அழைத்துப் போனாயே. தட்டின் இரண்டு பக்கமும் கத்தி, கரண்டி வரிசையாக வைத்திருந்தார்கள். எதை எடுப்பது என்று உன் அம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. உனக்குத் தலைகுனிவு வந்துவிடக் கூடாது என்று இரண்டு பேரும் பசியில்லை என்று சொன்னோம். நீ நம்பினாய். திரும்பி வரும்போது ஸ்டேஷனில் நின்று ரொட்டி வாங்கித் தின்றோம். உன் அம்மா சிரித்துக்கொண்டே இருந்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ எதுவும் சொல்கிறவள் இல்லை. கவனித்துக்கொண்டிருப்பாய், அவ்வளவுதான். அன்றிலிருந்து உன் எதிரில் உட்கார்ந்தால் என் கை என்ன செய்கிறது என்று நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன்னைக் குறை சொல்லவில்லை அம்மா. நீ படித்ததில் எனக்குள்ள பெருமை குறையாது. ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப்பார்.

கிறிஸ்துமஸுக்கு அவசியம் வா. உன் அறையில் கணப்பு மூட்டி வைக்கிறேன். லொயிக் நல்ல மீனாகக் கொண்டுவருவான். உங்கள் இருவருக்கும் மேசை போட்டு, சூடாகப் பரிமாறுகிறேன். நீங்கள் சாப்பிடுங்கள். நான் அப்புறம் அடுப்படியில் சாப்பிட்டுக்கொள்கிறேன்.

முத்தங்களுடன்,
அப்பா