மேசையில் தொங்கிய கக்கூஸ் சாவி

என் பிரியமுள்ள மாமாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. நெருப்பெரிச்சல் ஊரில் இருக்கும் நம் பனியன் தையல் யூனிட்டில் இன்று வேலை ஓடவில்லை. தைக்கும் பெண்கள் எல்லாரும் உள்ளேதான் இருக்கிறார்கள், மிஷினை நிறுத்திவிட்டுக் கூடிப் பேசுகிறார்கள். நான் ஆபீஸ் ரூமில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

சோவியத் நாடு உடைந்த செய்தி வந்த காலை ஞாபகம் இருக்கிறதா? அந்த நாட்டு அரசாங்கமே வாங்குகிறது, அது எங்கே ஓடிப்போகும் என்று நம்பி, மொத்த ஆர்டரையும் தைத்து அடுக்கியிருந்தீர்கள். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "சனங்களைப் பேசுங்கன்னு கொஞ்சம் உட்டுப் பாத்தாங்க சரசு. அதான் உழுந்துட்டாங்க" என்றீர்கள்.

"இல்லீங்க மாமா. அத்தனை வருசம் வாயை அடைச்சு வெச்சதுதான் ஒரேயடியா வெடிச்சிருச்சு" என்றேன். காபி ஆறிப்போச்சு என்று பேச்சை மாற்றினீர்கள். அந்த வாரம்தான் பெண்களின் கக்கூஸுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் மேசையில் தொங்கவிட்டீர்கள். போக வேண்டியவள் உங்கள் முன் வந்து கேட்க வேண்டும்.

நீங்கள் போனதும் முதல் வேலையாக அந்தப் பூட்டைக் கழற்றினேன். அதோடு நிம்மதியாகிவிடுவார்கள் என்று நினைத்தேன். டீக்கு நேரம் கேட்டார்கள், கொடுத்தேன். பிறகு ஃபேன் கேட்டார்கள். இப்போது தங்களுக்காகப் பேச ஓர் ஆளைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள்.

சூப்பர்வைசராக இருக்கும் உங்கள் தம்பி காலையில் கத்தினார். "அண்ணன் இருந்தப்ப ஒருத்தி வாயைத் தொறந்தாளுங்களா அண்ணி? எடங் குடுத்தீங்க, இப்பப் பாருங்க." எனக்குக் கோபம் வந்தது, இந்த ரூமுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சொன்னதுதான் சரியோ? பூட்டைத் தொடாமலே விட்டிருந்தால் இன்றும் மிஷின் ஓடியிருக்குமோ?

இதோ, ராசாத்தி வந்துவிட்டுப் போனாள். நிறைமாதத்தில் சாவி கேட்டு வந்தவளை, போன் பேசி முடிக்கும்வரை நிற்க வைத்தீர்களே, அவள்தான். அவளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

"தப்பா நெனைச்சுக்காதீங்கக்கா. உங்க கொழுந்தனார் வாயில நல்ல வார்த்தையே வராதுங்க. அவர் எங்களுக்குச் சூப்பர்வைசரா இருக்க வேண்டாமுங்க."

"சரி, மாத்தறேன். நாளைக்கு என்ன கேப்பீங்க?"

"தெரியலீங்கக்கா."

மிஷின் சத்தம் கேட்க ஆரம்பித்திருக்கிறது. சாயங்காலம் வீட்டில் உங்கள் தம்பி என்னைச் சும்மா விடமாட்டார். ஒருநாள் இந்தப் பெண்களே என்னை இந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னாலும் சொல்வார்கள். பயமாகத்தான் இருக்கிறது மாமா. ஆனாலும் அந்தப் பூட்டை மறுபடி மாட்டமாட்டேன்.

உங்கள் அத்தை மகளாகப் பிறந்து உங்களுக்கே வாழ்க்கைப்பட்ட
சரசு