கட்டிலுக்கு அடியில் இரண்டு வாளிகள்

மே 9

இன்று என் வீட்டுக்காரன் யோபிக்குக் கடைசி மாத்திரை. கிளினிக்கில் நர்ஸ் கொடுத்த நோட்டு இது. தினமும் அவன் விழுங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஒரு டிக் போட வேண்டும் என்பது கட்டளை. நூற்று எண்பத்து நான்கு டிக் ஆயிற்று. கடைசி டிக்கை அவனையே போடச் சொன்னேன். பேரிக்காய் அளவுக்குப் பெரிதாகப் போட்டான்.

நோட்டில் பாதிக்கு மேல் வெற்றுத் தாள். நல்ல காகிதத்தை ஏன் வீணாக்குவது? இனி நான் எழுதிக்கொள்கிறேன்.

நர்ஸ் ஒரே ஒரு எச்சரிக்கைதான் சொன்னாள். "நெஞ்சு இன்னும் தேறணும் ஹெஸ்டர். குளிர்காலத்துல ஈரச் சுவத்துப் பக்கம் மட்டும் படுக்க விட்டுடாதீங்க." சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அவள் எங்கள் வீட்டைப் பார்த்ததில்லை.

மே 17

குளிர்கால மழை தொடங்கிவிட்டது. படுக்கையறைச் சுவர் வழக்கம்போல வியர்க்கிறது. கட்டிலை இழுத்துக்கொண்டு வந்து சமையலறையில் போட்டோம். மேசை வெளியே போயிற்று. தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். "ராஜா மாதிரி இருக்கு, கட்டில்ல உக்காந்தபடியே அடுப்பைக் கிளறலாம்" என்கிறான் யோபி. படுக்கையறையில் இப்போது குடியிருப்பது இரண்டு வாளிகள். நீல வாளி வேகமாக நிரம்பும். வெள்ளை வாளி சோம்பேறி.

இன்றைய பெரிய செய்தி: பண்ணைத் தொழிலாளர் வீடுகளைச் சரிசெய்ய அரசாங்கம் பணம் தருகிறதாம். கூரை, சுவர், கழிப்பறை எல்லாம். மேஸ்திரி பேரிக்காய்க் கொட்டகையில் நின்று காகிதத்தை வாசித்தார். இருபத்தொன்பதாம் தேதி ஓர் அதிகாரி வந்து எங்கள் வரிசையின் ஏழு வீடுகளையும் உள்ளே புகுந்து பார்ப்பாராம்.

பக்கத்து வீட்டுச் சில்லா ஆண்டிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப அன்னிக்கு என்ன பலகாரம் போடறது?"

மே 24

வால்போஸ் பண்ணையில் இப்படி ஒரு வாரம் நடந்ததே இல்லை. ஏழு வீட்டுக்கும் சுண்ணாம்பு அடித்தாயிற்று. எல்லார் வாசற்படியிலும் சிவப்பு பாலிஷ். சில்லா ஆண்டி ஜன்னலுக்கு லேஸ் திரை போட்டாள் என்று தெரிந்ததும் நான் என் கல்யாணப் பெட்டியைத் திறந்து, இருபத்து மூன்று வருடமாகத் தொடாத திரையை எடுத்துத் துவைத்தேன். வேலி வழியாக எட்டிப் பார்த்தாள்.

"அழகா இருக்குடி. கொஞ்சம் பழுப்பேறிப் போச்சு, அவ்வளவுதான்."

"சந்தன நிறம் ஆண்டி. அதுதான் இப்ப பேஷன்."

யோபி கூரைத் தகரத்தின் மேல் ஏறி, ஸ்க்ரூ ஓட்டைகளில் தார் அடைத்தான். இரண்டு நல்ல மழைக்குத் தாங்காது. ஆனாலும் பார்க்கச் சுத்தமாக இருக்கிறது.

மே 28

ஊர்க் கடையில் சிவப்பு பாலிஷ் தீர்ந்துபோயிற்றாம். எங்கள் வரிசைதான் காரணம்.

மே 29

வந்தார்கள். நல்ல வெயில், ஆண்டவன் கருணை. அதிகாரி ஒரு பெண், திருமதி ஜோலா, கேப் டவுனிலிருந்து. காலணி தேய்ந்திருந்தது, கையெழுத்து பொடிப்பொடியாக இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது.

காலையிலேயே கட்டிலைத் திரும்பப் படுக்கையறைக்குத் தள்ளி, மேசையை உள்ளே கொண்டுவந்து விரிப்புப் போட்டேன். சமையலறையில் கட்டில் கிடந்தால் என்ன நினைப்பார்? ஈரச் சுவரை அலமாரி மறைத்தது. அலமாரிக்கு மேலே எட்டிப் பார்த்த கருப்புப் பூஞ்சையை எங்கள் கல்யாணப் படம் மறைத்தது. வாளிகள் கட்டிலுக்கு அடியில்.

"மழை பெய்தா ஒழுகுமா?"

"எப்பவாவது ஒரு சொட்டு மேடம். அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்."

"வீட்டில யாருக்காவது நோய் உண்டா?"

"இல்லை மேடம்."

யோபி என்னைப் பார்த்தான். நான் இஞ்சி கேக்கை வெட்டினேன்.

இரண்டு துண்டு சாப்பிட்டார். "ரொம்ப நேர்த்தியா வெச்சிருக்கீங்க" என்றார். என் வீட்டைப் பார்த்து அரசாங்கமே சொன்ன வார்த்தை. சாயங்காலம் வரைக்கும் தரையில் கால் பாவவில்லை.

ஜூன் 12

பட்டியல் வந்துவிட்டது. கொட்டகைக் கதவில் ஒட்டியிருக்கிறது.

வால்போஸ், ஏழு வீடுகள்: நல்ல நிலை. உதவி தேவையில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்கு ஒன்பது கூரை. ஒன்பது! அன்றைக்கு அங்கே யாரும் துடைப்பத்தைக்கூடத் தொடவில்லையாம். அத்தனை பேரும் ரக்பி மேட்சுக்குப் போய்விட்டார்களாம், அந்தம்மா தானாகவே கதவைத் திறந்து வாளி, பாய், பூஞ்சை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனாராம்.

நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டோம். யாரைத் திட்டறது? பாலிஷை யார் கேட்டா? கேக்கை யார் கேட்டா? ஒரு சொட்டாம், நாங்க பாத்துக்குவோமாம். என்ன பாத்துக்கிட்டேன் நான்? அவன் நெஞ்சைப் பாத்துக்கிட்டேனா? லேஸ் திரையைப் பாத்துக்கிட்டேன்.

ஜூன் 13

யோபி விழுந்து விழுந்து சிரித்தான். "அரசாங்கத்தையே ஏமாத்தின ஆளு நீ, அதுவும் நமக்கு எதிரா." சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

இந்தக் குளிர்காலத்தைச் சமையலறையில் ஓட்டிவிடலாம். அடுத்தது? அதற்கடுத்தது? அந்த நோய் திரும்பி வந்தால் இன்னொரு முறை அவன் எழுந்திருப்பானா தெரியாது. பயமாக இருக்கிறது. எழுதியே வைக்கிறேன்.

ஜூன் 15

பதினான்கு நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம் என்று பட்டியலின் அடியில் எறும்பு எழுத்தில் இருக்கிறது. எழுத்து வரும் என்பதால் கடிதம் என் தலையில் விழுந்தது. ஏழு வீட்டுக்காரர்களும் என் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்கள், வேறு எங்கே உட்காருவது?

"முறைச்சு எழுதாதே" என்றாள் சில்லா ஆண்டி. "நல்ல பொண்ணு அது. நாம பொய் சொன்னதுக்கு அது என்ன பண்ணும்?"

"பொய்யில்ல ஆண்டி, மரியாதை."

"ரெண்டுக்கும் ஒரே பாலிஷ்தான்டி."

கடைசியில் ஒரே ஒரு வரி எழுதினேன்: எங்கள் வீடுகளை இன்னொரு முறை வந்து பாருங்கள், இந்த முறை நாங்கள் எதையும் ஒளிக்க மாட்டோம்.

ஜூன் 25

நாளை திருமதி ஜோலா மறுபடி வருகிறார். எதையும் தொடக் கூடாது என்று வரிசை முழுக்கச் சொல்லி வைத்தேன். சொன்னவளுக்கே கை அரிக்கிறது. ஒரு விருந்தாளி வரும்போது பூஞ்சையைத் துடைக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாரிடம் சொல்ல?

சாயங்காலம் சில்லா ஆண்டி வீட்டிலிருந்து பிளீச் வாடை அடித்தது. ஓடினேன். ஸ்டூலில் ஏறிப் பாதிச் சுவரைத் தேய்த்துவிட்டாள்.

"பாதியத்தான் துடைச்சேன்" என்று அழுகிற குரலில் சொன்னாள். "மீதியை விட்டுட்டேன் பாரு."

துணியைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். இப்போது என் வீட்டுப் பூட்டுக்குள் இருக்கிறது, அவளுடைய பிளீச் புட்டியோடு சேர்த்து.

ஜூன் 26

கொட்டு கொட்டென்று மழை. யோபி அடைத்த தார் போன வாரமே கழன்றுவிட்டது.

திருமதி ஜோலா நனைந்துகொண்டு உள்ளே வந்தார். சமையலறை நடுவில் கட்டில். அதில் யோபி, கம்பளியோடு. அவருக்கு உட்கார இடம் தேடினேன், கட்டிலின் ஓரம்தான் இருந்தது. அங்கேயே உட்கார்ந்தார். கேக் செய்யவில்லை. வெறும் ரூய்போஸ் தேநீர்தான், அதுவும் காது உடைந்த கோப்பையில். நல்ல கோப்பையை எடுக்கப் போன கையை நானே அடக்கிக்கொண்டேன்.

படுக்கையறைக்குக் கூட்டிப் போனேன். அலமாரியைத் தள்ளினேன். கல்யாணப் படத்தைக் கழற்றினேன். நீல வாளி நிரம்பிக்கொண்டிருந்தது. சொந்த வீட்டில் துணியில்லாமல் நிற்பது போல இருந்தது.

"போன தடவையே கட்டிலுக்கு அடியில வாளியைப் பாத்தேன்" என்றார்.

"பாத்தீங்களா? அப்புறம் ஏன் மேடம்..."

"ஒழுகலைன்னு வீட்டுக்காரங்க சொல்றப்ப, ஒழுகுதுன்னு நான் எப்படி எழுத முடியும்? வாளி சட்டம் இல்லை, நீங்க சொல்றதுதான் சட்டம். இப்ப சொல்லுங்க. வீட்டில யாருக்காவது நோய் உண்டா?"

மறுபடியும் இல்லை என்றுதான் வாய் போயிற்று. போன வருடம் விஷயம் தெரிந்ததும் கொட்டகையில் என் தேநீர்க் கோப்பையைத் தனியாக எடுத்து வைத்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கோப்பையை மட்டும் ஜன்னல் ஓரம் நகர்த்திவிட்டார்கள். அதிலிருந்து அந்த நோயின் பெயரை நான் உச்சரித்ததே இல்லை. இந்த நோட்டில்கூட எழுதவில்லை, இப்போதுதான் கவனித்தேன்.

இன்றைக்கும் சொல்ல வரவில்லை. இந்த நோட்டை எடுத்து அவர் மடியில் வைத்தேன். டிக் டிக்காகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லாப் பக்கத்தையும் புரட்டினார்.

"காசநோய்" என்றேன், தலையை நிமிர்த்தி. "ஆறு மாசம் ஒரு நாள்கூட விடலை. குணமாயிடுச்சு. ஆனா இந்தச் சுவர் அவனை மறுபடியும் படுக்க வெச்சிடும்."

கட்டிலிலிருந்து யோபி சொன்னான்: "அந்தக் கடைசி டிக் நான் போட்டது மேடம். அதையும் பாருங்க."

டிக் பக்கங்களைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். போகும்போது என்னிடம் மெதுவாக ஒன்று கேட்டார். இஞ்சி கேக்கில் என்ன போட்டீர்கள் என்று.

ஜூலை 3

கொட்டகையில் தேநீர் நேரத்தில் நானே எல்லாரிடமும் சொன்னேன். பெயரோடு. ஜன்னல் ஓரத்திலிருந்து என் கோப்பையை எடுத்து மற்றக் கோப்பைகளுக்கு நடுவில் வைத்தேன். யாரும் நகர்த்தவில்லை.

செப்டம்பர் 18

ஏழு வீடும்! ஏழு கூரை, ஏழு சுவர், ஏழு கழிப்பறை. முதலாளியும் கையெழுத்துப் போட்டுவிட்டார். செலவில் அவர் பங்கும் கொஞ்சம் உண்டு. பத்து வருடத்துக்கு எங்களை யாரும் வெளியேற்றக் கூடாது என்று நிபந்தனையும் உண்டு. சில்லா ஆண்டி காகிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு தன் பிளீச் புட்டியைத் திருப்பிக் கேட்டாள்.

நவம்பர் 21

பழைய தகரம் கழற்றிய அன்று வீட்டுக்குள் நின்று வானத்தைப் பார்த்தோம். "இதுல இன்னும் வெளிச்சம் ஜாஸ்தி, இப்படியே விட்டுடலாமா?" என்று யோபி மேலே இருந்தவர்களைக் கேட்டான். ஒருவன் சிரிப்பில் சுத்தியலைத் தவறவிட்டான். சுவரை உரித்துப் புதுப் பூச்சு. பூச்சு காய மூன்று வாரம் கோடை வெயில் வேண்டுமாம். அது எங்களிடம் நிறைய இருக்கிறது.

பிப்ரவரி 6

பேரிக்காய் அறுவடை உச்சத்தில். எழுத நேரமில்லை. யோபி நாள் முழுக்க ஏணியில். இரண்டு கிலோ ஏறியிருக்கிறான்.

மே 14

முதல் பெருமழை. மதியத்திலிருந்து விடவில்லை.

கிளினிக்கில் யோபியின் நெஞ்சு சுத்தம் என்றார்கள். திரும்பி வந்ததும் படுக்கையறையில் சாய்ந்தான். சொட்டுச் சத்தம் இல்லாமல் தனக்குத் தூக்கம் எப்படி வரும் என்று என்னிடமே முறையிட்டான். ஐந்து நிமிடத்தில் குறட்டை.

நீல வாளியில் சில்லா ஆண்டி ஜெரேனியம் பூச்செடி வைத்திருக்கிறாள். வெள்ளை வாளியை வெங்காயத்துக்கு எடுத்துக்கொண்டேன். சமையலறையில் மேசை இருக்கிறது, அதன் மேல்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தூக்கத்தில் புரண்டு, முதுகைச் சுவரோடு ஒட்டிப் படுத்திருக்கிறான். அவனை இழுக்கக் கையை நீட்டினேன். பிறகு அவனுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ளங்கையை விட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அவன் உடம்புச் சூடு சுவரிலும் ஏறியிருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.