மூன்று பட்டை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இருக்கிற உடம்போடு நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா நான் சொல்லச் சொல்ல எழுதியது. இப்போது அவரிடமே எழுத்துப் படித்து, இது முழுக்க நானே எழுதுவது, எழுத ஆரம்பித்து இன்றோடு நாலு நாள் ஆகிறது. நான் எழுதும்போது நாக்கு வெளியே வந்துவிடுகிறதாம், உன் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். ஆனால் முதல் பக்கம் முடிந்ததும் முழங்கால் வலியோடு படியிறங்கிப் போய் அதைத் தையற்காரம்மாவிடம் காட்டிவிட்டு வந்தவளும் அவள்தான்.

எங்கள் ஓடைப் பாதுகாப்பு அலுவலகத்தை மூடிவிட்டார்கள். எங்களுடையது மட்டுமல்ல, பன்னிரண்டு ஓடைகளுக்கு இருந்த பன்னிரண்டு அலுவலகத்தையும் சேர்த்து நகரத்தில் ஒரே மண்டல அலுவலகமாக ஆக்குகிறார்கள். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன், மதகுக் கதவுக்கு ஒரு பல்சக்கரம் கேட்டு நாங்கள் ஐந்து வருஷம் தவமிருந்தோம், பெரிய அலுவலகம் என்றால் ஒரே வாரத்தில் வரலாம். என் வேலை என்ன என்று பேத்தி கேட்டால் இப்படிச் சொல். ஓடைக்குள் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த கம்பம் ஒன்று நிற்கும், தினமும் காலையில் தாத்தா போய்த் தண்ணீர் எத்தனை பட்டை ஏறியிருக்கிறது என்று எண்ணி எழுத்தரிடம் வாயால் சொல்வார், எழுத்தர் பதிவேட்டில் எழுதுவார், தாத்தா அதன் கீழே கைநாட்டு வைப்பார். தண்ணீர் ஏறினால் மதகைத் திறந்துவிடுவார். இருபத்தாறு வருஷம் இதுதான்.

போன மாதம் பதிவேடுகளை மண்டல அலுவலகத்துக்கு அனுப்பப் பெட்டியில் அடுக்கினோம். படித்துப் பழகலாமே என்று ஒன்றைப் பிரித்தேன். மூன்று பட்டை என்று இருந்தது. நானாகப் படித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த நாளும் மூன்று பட்டை. புரட்டப் புரட்ட மூன்று பட்டை, கோடையிலும் மூன்று, மழையிலும் மூன்று. உன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் வெள்ளம் வந்ததே, உன் சான்றிதழ்களைத் தலையில் வைத்துக்கொண்டு நீ கட்டில்மேல் நின்றாயே, அந்தத் தேதியைத் தேடி எடுத்தேன். அன்று கம்பமே முழுகிவிட்டது என்று ஓடிப்போய்ச் சொன்னவன் நான். அங்கேயும் மூன்று பட்டை, கீழே என் கட்டைவிரல். சந்தோஷமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

எழுத்தரை உனக்குத் தெரியும், எதைக் கேட்டாலும் அப்புறம் அப்புறம் என்று சொல்லி அப்புறம் என்றே பெயர் வாங்கியவர். கேட்டேன். மறைக்கவில்லை. "நாலுன்னு எழுதினா நாலு பேர் வந்து கேள்வி கேப்பான். மூணுன்னு எழுதினா ஒருத்தனும் வரமாட்டான்யா" என்றார். ஓய்வு பெற இன்னும் பதினாறு மாதம்தான் இருக்கிறது, கண்ணில்லாமல் இருந்தவனுக்குக் கண் வந்து முதலில் என் சோற்றிலா மண்ணைப் போட வேண்டும் என்று கேட்டார். வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். கெட்ட மனிதர் இல்லை, உன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒன்பது நாள் என் சாவியை வாங்கி மதகைப் பார்த்துக்கொண்டவர்.

போன செவ்வாய் மண்டல அலுவலகத்து இன்ஜினீயர் அம்மா சாவியை வாங்க வந்தார். உன் வயதுதான் இருக்கும். ஒரு தாளை நீட்டி, மைப்பெட்டியைத் திறந்து, இங்கே விரலை வையுங்கள் பெரியவரே என்றார். படித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். ஒரு பக்கம்தான், ஆனால் நான் படிக்கிற வேகம் உனக்குத் தெரியாது, அவருடைய டீ ஆறிப்போனது, டிரைவர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். இந்த ஓடையில் மூன்று பட்டைக்கு மேல் நீர் ஏறியதில்லை, ஆகவே மதகுக்கு ஆள் தேவையில்லை, கதவை மூடி வெல்டிங் வைத்து அடைத்துவிடலாம் என்று கடைசிக்கு முந்தின வரியில் இருந்தது. கதவு மூடிக்கிடந்தால் அடுத்த பெருமழைக்கு நம் கீழ்த்தெரு முழுக்கக் கட்டில்மேல் நிற்க வேண்டியதுதான். இது தப்பு என்றேன். உங்கள் கைநாட்டு இருக்கிறதே என்றார். எழுத்தர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கைநாட்டு என்னுதுதாம்மா. என்ன எழுதியிருக்குன்னு தெரியாம வச்சது என் தப்பு" என்றேன், வேறு யாரையும் இழுக்கவில்லை. பேனாவை வாங்கி அந்த வரியின் கீழே, இது சரியில்லை, தண்ணீர் எங்கள் கட்டிலைத் தொட்டது, நான் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை வாங்கிப் படித்தார். பதிவேட்டுக்கு எதிராக உங்கள் சொல் மட்டும் போதாது, ஒரு மாதத்துக்குள் சாட்சி கொண்டுவாருங்கள், அதுவரை கதவில் கை வைக்க மாட்டோம் என்றார். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அலுப்பாக இருக்கிறது அம்மா. இருபத்தாறு வருஷம் எண்ணியது அத்தனையும் காற்றோடு போயிற்று. ஆனாலும் காலையில் கால் தானாக ஓடைக்குப் போகிறது, இப்போது ஒரு நோட்டில் நானே எழுதுகிறேன். நேற்று எழுத்தர் வந்து பக்கத்தில் நின்றார். எத்தனைய்யா என்று கேட்டார். நாலரை என்றேன். எழுதிக்கோ என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ செய்ய வேண்டியது ஒன்று. வெள்ளம் வடிந்த அன்று நம் சுவரில் இருந்த சேற்றுக் கோட்டைப் படம் பிடித்தாயே, அதை அனுப்பு. கூடவே அன்று தண்ணீர் எதுவரை வந்தது என்று உன் கையாலேயே எழுது. கூட்டியும் எழுதாதே, குறைத்தும் எழுதாதே. இருபதாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல், பேத்திக்கு முத்தம். மூன்று பேரும் குறையில்லாமல் இருங்கள். யார் எந்தத் தாளை நீட்டினாலும், அவர்கள் டீ ஆறினாலும் பரவாயில்லை, முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

கீழே கோணலாக இருப்பது மை சிந்தியது அல்ல, என் கையெழுத்து.

உன் அப்பா