மலர்ப் பள்ளத்தாக்கு

ஜோஷிமட்
22.7.1989

அன்புள்ள அத்தானுக்கு,

செலின் நலம். நீங்களும் அத்தையும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு நான் மலையேறக் கிளம்பியதில் அத்தைக்கு வருத்தம் என்று தெரியும். ஆனால் எங்கள் மலையேற்றக் குழுவில் எத்தனையோ நாள் காத்திருந்து கிடைத்த இடம் இது.

நேற்று பஸ் ஒரு வளைவில் நின்றது. மேகத்துக்கும் மேலே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அதுவும் மேகம் என்றே நினைத்தேன். இமயமலை என்றார்கள். கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

இனி நடைதான். மலர்ப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். ஆகஸ்ட் கடைசிவரை இந்த முகவரிக்கே எழுதலாம்.

உங்கள்
செலின்


கொரட்டூர்
30.7.1989

அன்புச் செலினுக்கு,

கடிதம் கிடைத்தது. பருத்திப்பட்டு போய் உன் அப்பாவைப் பார்த்து வந்தேன், சௌக்கியம்.

அம்மாவுக்குத்தான் மனம் ஆறவில்லை. பூசை முடிந்ததும் யாரோ உன்னைப் பற்றிக் கேட்டார்களாம். "கல்யாணத்துக்குப் பொறவும் இப்டி மலை மலையா சுத்திகினு இருந்தா ஊட்ட யாரு பாக்கறது?" என்கிறார். இனி மலைக்குப் போகமாட்டேன் என்று நீ இரண்டு வரி எழுதினால்தான் தேதி குறிப்பாராம்.

எழுதிவிடேன், செலின். பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். குளிரில் உடம்பு ஜாக்கிரதை.

அன்புடன்
கிறிஸ்துராஜ்


கங்காரியா
9.8.1989

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று பள்ளத்தாக்குக்குள் போனோம். வழியில் ஆற்றின் மேல் பனி உறைந்து பாலம் போலக் கிடக்கிறது. அடியில் தண்ணீர் ஓடுவது பாதத்தில் அதிர்கிறது. கயிற்றைப் பிடித்து ஒவ்வொருவராகக் கடந்தோம். எனக்குப் பின்னால் வந்த பெரம்பூர் சாராள் வழுக்கிவிட்டாள். குதிகாலைப் பனியில் ஊன்றிக் கயிற்றை இழுத்துப் பிடித்தேன். ஏறி வந்தவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். என் உள்ளங்கை உரிந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

அந்தப் பக்கம் ஏறியதும் மூடுபனி விலகியது. எப்படிச் சொல்வேன், அத்தான். கண்ணுக்கு எட்டியவரை பூ. இடுப்பளவு உயரத்தில் நீலமும் ஊதாவும் மஞ்சளும். ஒருவரும் நட்டதில்லை, தண்ணீர் ஊற்றியதில்லை, பறித்துச் சரம் தொடுத்ததில்லை. சுற்றிலும் பனிமலைகள். வழியெல்லாம் பாட்டுப் பாடி வந்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. பூசையில் அப்பத்தை உயர்த்தும்போது கோயிலுக்குள் ஒரு அமைதி வருமே, அது. நான் முழங்காலிட்டுவிட்டேன்.

கங்காரியா முகாமுக்குத் திரும்பி வந்தபோது, ஜோஷிமட்டிலிருந்து கொண்டுவந்திருந்த உங்கள் கடிதம் காத்திருந்தது. அத்தை கேட்டதை எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. இதைப் பார்த்துவிட்டு இனி மலைக்குப் போகமாட்டேன் என்று எழுதினால் பொய். பொய் சொல்லிக்கொண்டு உங்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைக்க எனக்கு இஷ்டமில்லை.

உங்கள் முடிவு எதுவானாலும் எழுதுங்கள்.

செலின்


கொரட்டூர்
17.8.1989

என் செலினுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். கயிறு வந்த இடத்தில் சிலுவை போட்டுக்கொண்டார். பூ வந்த இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னார். "அவ்ளோ பூவும் யாரும் நடாம தானா மொளச்சிக்கீதா?" என்றார். ஆமாம் என்றேன்.

கடைசிப் பகுதியையும் விடாமல் படித்துவிட்டு, அந்த இரண்டு வரியை உன்னிடம் இனி கேட்கமாட்டேன் என்று சொன்னேன். எழுந்து அடுப்படிக்குப் போனார். பிறகு வாசற்படியில் வந்து நின்றார்.

"கைக்கு மருந்து போட்டாளான்னு கேட்டு எழுது."

போட்டாயா?

எந்த வண்டியில் வருகிறாய் என்று தெரிவி. அம்மாவும் சென்ட்ரலுக்கு வருகிறாராம். அந்தப் பூக்களைப் பற்றி உன் வாயால் கேட்க வேண்டுமாம்.

உன்
கிறிஸ்துராஜ்