கிலோமீட்டருக்கா, மணிக்கா

மார்ச் 4, செவ்வாய்

பட்டறையிலிருந்து லாரி வந்துவிட்டது. முன்பக்கம் முழுக்கப் புதுத் தகரம். அடித்திருக்கும் நீலம் பழைய நீலத்தோடு சேரவில்லை. "நாலு மாசம் வெயில்ல ஓடினா ஒண்ணாயிடும்" என்றார் மெக்கானிக். தலையாட்டினேன். தெருமுனையில் நிறுத்திவிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார். கதவைத் திறந்துகூடப் பார்க்காமல் வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் போய் இன்றோடு நாலு மாதம் ஆறு நாள்.

மார்ச் 6, வியாழன்

மொட்டை அண்ணன் வந்திருந்தார். என் வீட்டுக்காரரோடு பதினைந்து வருஷம் ஒரே கம்பெனிக்கு ஓட்டியவர். லாரியை விற்றுத் தருகிறேன், ஆள் இருக்கிறது என்றார். விற்கவில்லை, நானே ஓட்டப் போகிறேன் என்றேன். எனக்குக் கனரக லைசென்ஸ் இருப்பது அவருக்கும் தெரியும். மகள் பிறப்பதற்கு முன்னால் நாலு வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றி ஓட்டியவர்கள்தானே.

காபி டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு, கம்பெனியில் மூன்று விதமாகக் கேட்பார்கள் என்று சொன்னார். ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு. அல்லது சரக்கு வாடகையில் சதவீதம். அல்லது லாரியும் ஆளும் வேலையில் இருக்கும் ஒவ்வொரு மணிக்கும் இவ்வளவு. சதவீதம் நல்ல சரக்கு கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மணிக் கணக்கில் ஒருத்தரும் தலை நிமிர்ந்ததில்லை. "கண்ணை மூடிக்கிட்டு கிலோமீட்டருக்குக் கையெழுத்து போடும்மா" என்றார்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 7, வெள்ளி

எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொல்லாததை இங்கேயாவது.

இரண்டு வருஷம் முன்னால் இதே மூன்றையும் அவர் என்னிடம்தான் கொண்டுவந்தார். சமையல் மேடையில் படிவங்களைப் பரப்பி வைத்து, நீ சொல்லு என்றார். அவருக்கு மணிக் கணக்கின் மேல் ஒரு கண். கிடங்கு வாசலில் காத்துக் கிடப்பதற்கும் காசு உண்டே என்றார். நான் கையில் கரண்டியோடு சிரித்தேன். "சும்மா நிக்கிறதுக்கா காசு வாங்குவாங்க? ஓடுறதுக்கு வாங்குங்க" என்றேன். அவரும் சிரித்தார். கிலோமீட்டருக்குக் கையெழுத்துப் போட்டார்.

கடைசி நாள், விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு கிடங்கு வாசலில் நிறுத்தினார். மதியம் ஒரு மணிக்குத்தான் சரக்கை இறக்கினார்கள். எட்டு மணி நேரம், வண்டியை வரிசையில் அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டு. அதற்கு ஒரு பைசா கிடையாது. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று அங்கிருந்தே அடுத்த லோடு எடுத்தார். பட்டப்பகல் மூன்று மணி. நேரான சாலை. மழை இல்லை, எதிரே வண்டி இல்லை. பாலத்துச் சுவர்.

பிரேக் சரியாக இருந்ததாம். டயர் சரியாக இருந்ததாம். "தூங்கிட்டாரும்மா" என்றார் போலீஸ்காரர், தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைச் சொல்வதுபோல, அவ்வளவு மெதுவாக.

மார்ச் 8, சனி

ஒன்றும் செய்யவில்லை.

மார்ச் 10, திங்கள்

லாரி ஓட்டப் போவதை மகளிடம் சொன்னேன். பதினாலு வயது, எதைச் சொன்னாலும் முகத்தில் ஒன்றும் காட்டமாட்டாள். இதற்கும் காட்டவில்லை. எந்தக் கணக்கில் ஓட்டப் போகிறாய் என்று மட்டும் கேட்டாள். இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனாள். சோறு அப்படியே இருந்தது.

மார்ச் 12, புதன்

கம்பெனி அலுவலகம் போனேன். ஒப்பந்தம் பார்க்கிற அக்கா, மூக்கு நுனியில் கண்ணாடி, என் வீட்டுக்காரர் பெயருக்கு இருந்த ஃபைலை மூடி என் பெயருக்கு ஒன்று திறக்க வேண்டும் என்றார். பழைய ஃபைலைப் புரட்டியவர் ஒரு தாளில் நின்றுவிட்டார். என் முகத்தைப் பார்த்தார். "இது உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்று என் பக்கம் திருப்பினார்.

அவர் கையெழுத்து. சாய்ந்து சாய்ந்து, வரிக்கு வெளியே ஓடும் கையெழுத்து. 'ஐயா, உடம்பு தாங்கவில்லை. வரும் மாதம் முதல் என்னை மணிக் கணக்குக்கு மாற்றித் தரும்படிக் கேட்டுக்கொள்கிறேன்.'

தேதி, விபத்துக்கு ஒன்பது நாள் முன்னால். விபத்தன்று மாதம் பிறக்க இரண்டு நாள்தான் மிச்சம் இருந்திருக்கிறது.

அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குடித்தேனா என்று நினைவில்லை.

மார்ச் 13, வியாழன்

ஏன் என்னிடம் சொல்லவில்லை?

மார்ச் 14, வெள்ளி

சொல்லியிருக்கலாமேங்க. ஒரு வார்த்தை. உடம்பு தாங்கலன்னு கம்பெனிக்காரனுக்கு எழுதத் தெரியுது, பக்கத்துல படுத்திருக்கிறவகிட்ட சொல்ல வாய் வரலையா? நான் என்ன வேணாம்னா சொல்லியிருப்பேன்? —

சொல்லியிருப்பேனோ?

ஞாயிறுதோறும் அவர் ட்ரிப் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு கூட்டியது யார்? போன வாரத்தைவிடக் கம்மியா இருக்கே என்று கேட்டது யார்? குறையாகக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டேன். அவருக்கு அது சும்மாவாகவா விழுந்திருக்கும்?

மார்ச் 16, ஞாயிறு

மகளிடம் அந்தத் தாளைப் பற்றிச் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

அப்பா அவளிடம் சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்றும் சொல்லியிருக்கிறார். நாலு மாதமாக அதை உள்ளே வைத்துக்கொண்டு என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். இன்னொரு துணியை எடுத்து உதறினாள். பிறகு, துணியைப் பார்த்தபடியே:

"நீ வருத்தப்படுவேன்னு அப்பா பயந்தாரும்மா. அவரு இருக்கும்போது நான் சொல்லியிருந்தா… நீ மாத்தச் சொல்லியிருப்பே இல்ல? அன்னைக்கே மாத்தியிருப்பாரு இல்ல?"

என் தலையில் மட்டும்தான் இது ஓடுகிறது என்று இருந்தேன். இவள் தலையிலும் இதேதான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மடித்த துணியெல்லாம் கலைந்து போக, அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். உன்னால் இல்லை, உன்னால் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அதை எனக்குச் சொல்ல அவர் இல்லை.

மார்ச் 17, திங்கள்

மணிக் கணக்குக்குக் கையெழுத்துப் போட்டேன்.

மொட்டை அண்ணனுக்கு வருத்தம். இருக்கிற கடனுக்கு இது எந்த மூலைக்கு என்றார். எனக்குக் கிடைத்திருப்பது பட்டணத்துக்குள்ளேயே சுற்றும் வேலை, அரிசி மூட்டையும் சிமென்ட் மூட்டையும். மகள் தனியாகப் படுக்க வேண்டியதில்லை. முன்னறையை ஒரு தையல்காரப் பெண்ணுக்கு வாடகைக்கு விடப் போகிறேன். அப்படியும் இழுத்துப் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும். ஓட்டிக்கொள்கிறேன்.

மார்ச் 24, திங்கள்

முதல் நாள். சீட் அவர் உயரத்துக்கு இருந்தது. என் கால் கிளட்சுக்கு எட்டவில்லை. சீட்டை முன்னால் நகர்த்த வேண்டும். லிவரில் கை வைத்தபடி பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பிறகு நகர்த்தினேன்.

ஏப்ரல் 9, புதன்

இன்று கிடங்கு வாசலில் மூன்றரை மணி நேரம். காவலாளி ட்ரிப் சீட்டில் காத்திருந்த நேரத்தைக் குறித்துக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் கண் சொருகியது. ஒரே ஒரு முறைதான். வெள்ளைக் கோடு ஒரு நொடி இரண்டாகத் தெரிந்தது. ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டேன். பெட்ரோல் பங்க் ஓரமாகப் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டுத் தூங்கினேன். முக்கால் மணி நேரம். எழுந்தபோது சட்டைக் காலர் நனைந்திருந்தது. தூக்கத்திலேயே அழுதிருக்கிறேன்.

வர நேரமாகும் என்று மகளுக்கு போன் செய்தேன். எங்கே இருக்கிறாய் என்றாள். சொன்னேன்.

"தூங்கினியா?"

தூங்கினேன் என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னும் கொஞ்சம் தூங்கிட்டு வாம்மா."

சரி என்று சொல்லிவிட்டுச் சீட்டைச் சாய்த்துக்கொண்டேன்.